இரைப்பையில் கிடைத்த பெயர்

கெளுத்தியின் வயிற்றைக் கீறும்போது
இரண்டு விநாடி மூச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும்.
எந்தக் கையேட்டிலும் இல்லை இது,
மூக்கே கற்றுக்கொண்டது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரண்டே முக்கால் கிலோ.
மோர்தானா பின்நீரில்
முனிரத்தினத்தின் வலையில் விழுந்து
பாறைச் சூட்டில் ஒரு மணி நேரம்
சாகாமல் கிடந்தது.
"இதுக்கு சாவே மறந்துபூட்ச்சிம்மா" என்றார்.
மழையில் உடைந்து இவற்றைத் திறந்துவிட்ட பண்ணைக்குட்டை
அவர் மச்சானுடையது.
அதை அவர் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

குடியாத்தம் பேருந்தில்
பனிக்கட்டிக்குள்ளிருந்து வால் தட்டும் சத்தம்.
கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கிழித்தார்.
அரை டிக்கெட் போதாதா என்றேன்.
"உள்ள உசுரு கீது இல்ல? முழு டிக்கெட்டு."

காட்பாடி ஆய்வகத்தில் தட்டு அடங்கிவிட்டிருந்தது.
வயிற்றுக்குள் சாம்பல் நிறக் கூழ்.
கண் இல்லை, செதில் இல்லை, முள்ளும் கரைந்திருந்தது.
தின்னப்பட்டது எதுவோ
அது தன் உருவம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு
எழுத்துகளை மட்டும் ஒளித்து வைத்திருந்தது.

ஏ, டி, ஜி, சி.
ஒரு முழு ஆற்றுக்கு
இவ்வளவு சிறிய அரிச்சுவடியா என்று
முதல் வருடம் ஏமாந்தவள் நான்.

இயந்திரம் தொண்ணூற்று நான்கு டிகிரிக்கு ஏறும்,
ஐம்பத்திரண்டுக்கு இறங்கும்,
முப்பத்தைந்து தடவை.
கத்திரி வெயில் கூட
இறங்கத் தெரியாமல்தான் நிற்கிறது எங்கள் ஊரில்.
இருபதாவது தடவையில் மின்சாரம் போனது.
ஷமீலா யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கையே பார்த்து நின்றாள்,
அவள் பார்ப்பதால்தான் அது எரிகிறது என்பதுபோல.

முடிவுகள் வந்தன.
பண்ணைக்கோழி: சரி, கழிவுக் குடலைக் கொட்டுகிறார்கள்.
ஜிலேபிக் கெண்டை: வந்தேறியை வந்தேறி தின்றிருக்கிறது.
அதன் இனத்துக் குஞ்சுகள்.
ஓரிடத்தில் மனிதர்; பதறவில்லை,
கையுறை மாற்ற மறந்த ஷமீலாதான் அது.

ஒன்பதாவது மாதிரியில்
வரி அயிரை.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று
இல்லாததை வைத்தே வேலூரைச் சொல்வார்கள்.
பதினோரு வருடமாக அந்தப் பட்டியலின் அடியில்
பென்சிலால் எழுதி வைத்திருந்தோம்
விரல் நீளம் கூட இல்லாத இந்த மீனை.

கல்லூரி அலமாரியில்
ஸ்பிரிட்டில் வெளுத்துக் கிடந்த கடைசி உடலோடு
ஒப்பிட்டுப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று எழுத்தில்
ஒன்றே ஒன்று வேறு.

இருக்கிறது.
இல்லை, இருந்தது, முந்தாநாள் வரை.
அறிக்கையில் ஷமீலா
'காணப்பட்டது' என்று அடித்துவிட்டு அழித்தாள்.
யார் கண்டார்கள்?
மின்விளக்கும் கண்ணி வலையுமாய் நாங்கள் தேடித் தோற்ற கலங்கலில்
எட்டு மீசையால் தடவித் தடவி
கெளுத்தி கண்டது.
எங்களில் யாரையும்விட நல்ல ஆய்வாளர்,
கண்டதை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சாயங்காலம் முனிரத்தினத்தை அழைத்தேன்.
பின்னால் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.
"இன்னாமா சொல்றீங்க, அயிரையா?
உசுரோட கீதா?"

ஒன்று கீதுன்னா நாலும் இருக்கும் என்றேன்.
எனக்கே தெரியாது, சொன்னேன்.

கொஞ்ச நேரம் பம்புசெட் மட்டும் பேசியது.
ஆறு வந்து விழும் பாறை இடுக்கில்தான்
அந்தக் கெளுத்தி சிக்கியதாம்.
"அங்க வலை போட்டா கெளுத்தி கொறையும்,
ஆனா அயிரையும் மாட்டும்.
போடாம வுட்டா இது அத துன்னும்.
நாளைக்கு நான் வலை போடட்டா, வேணாவாம்மா?"

என் கையில் இருநூற்றுப் பதின்மூன்று எழுத்துகள் இருந்தன.
திரும்பத் திரும்பப் படித்தேன்.
ஆம் என்றும் படிக்க முடியவில்லை,
வேண்டாம் என்றும்.